இனச்சொல்லா, கடன்சொல்லா: திராவிட மொழிகளுக்குள் ஒரு சொல் வந்த வழியைக் கண்டறிவது எப்படி

தமிழில் 'பால்', மலையாளத்திலும் 'பால்', தெலுங்கில் 'பாலு', கன்னடத்தில் 'ஹாலு'. இந்த நான்கையும் வரிசையாகப் பார்ப்பவர் முதல் மூன்றும் ஒன்றுபோல் இருப்பதைத்தான் உறவின் அடையாளம் என்பார். சொல்லாராய்ச்சியில் அதிக மதிப்புள்ள சாட்சி நான்காவது. பல் அங்கே ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு, பாம்பு ஹாவு, பன்றி ஹந்தி. சொல் முதலில் தமிழ் பகரம் காட்டும் இடத்தில் இன்றைய கன்னடம் ஹகரம் காட்டுகிறது, அதுவும் ஒழுங்காக. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்ய முடியாது. ஒரே வீட்டில் பிறந்த சொற்கள் தனித்தனி ஊரில் வளர்ந்தால் இப்படி ஒரே ஒழுங்கில் வேறுபடும்.

ஆக, இரண்டு மொழிகளில் ஒரு சொல் ஒன்றுபோல இருப்பது தன்னளவில் எதையும் நிறுவாது. எதிர்பார்த்தபடி வேறுபட்டிருந்தால் இனச்சொல், அதாவது ஒரே மூலச் சொல்லிலிருந்து இரண்டு மொழிக்கும் வழிவழியாக வந்தது, என்று நம்பத் தொடங்கலாம். வேறுபட வேண்டிய இடத்தில் வேறுபடாமல் இருந்தால் அது இரவல் வந்ததா என்று கேட்க வேண்டும். கீழே உள்ள வழிமுறை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

தேவையானவை

ஒரு குறிப்பேடு அல்லது கணினியில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு சொல்லுக்கும் எட்டுக் கட்டம்: சொல், பேச்சில் ஒலிக்கும் விதம், பொருள், கேட்ட ஊர், கிடைக்கும் மிகப் பழைய வடிவம், மலையாளம்–கன்னடம்–தெலுங்கு–துளு இணைகள், தமிழுக்குள் அதன் வேரும் கிளையும், முடிவு. தொடக்கத்தில் முப்பது சொல் போதும். அதில் பாதி உடலுறுப்பு, எண், உறவுமுறை, வா–போ–செய் போன்ற வினைகளாக இருக்கட்டும். மறுபாதி சந்தை, நிர்வாகம், கோயில், சமையல் சொற்களாக இருக்கட்டும். முதல் கூடையில் இனச்சொற்கள் மிகுந்து கிடக்கும், இரண்டாவதில் கடன்சொற்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பழகினால்தான் கண் தேறும்.

அகராதிகளில் முதன்மையானது பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. முதல் பதிப்பு 1961, திருத்திய இரண்டாம் பதிப்பு 1984. அடுத்து சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936, ஆறு தொகுதிகள்). கன்னடத்துக்குக் கிட்டல் (1894), மலையாளத்துக்குக் குண்டர்ட் (1872), தெலுங்குக்குப் பிரௌன் (1852). சொற்பிறப்பியல் அகராதி, தமிழ்ப் பேரகராதி, பிரௌன் ஆகியவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் கட்டணமின்றித் தேடலாம்.

இவற்றைத் திறக்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். சொற்பிறப்பியல் அகராதியில் தமிழ் வடிவம் உள்ள ஒவ்வொரு பதிவும் அதோடுதான் தொடங்கும்; பிறகு மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு என்று போகும். இது அடுக்கும் வரிசை மட்டுமே. முதலில் நிற்பதால் தமிழ்தான் மூலம், மற்றவை அதிலிருந்து எடுத்தவை என்று படித்துவிடக் கூடாது. தமிழ்ப் பேரகராதியில் '<' குறியைக் கவனியுங்கள். அந்தக் குறியோடு தெலுங்குச் சொல் தரப்பட்டிருந்தால் அங்கிருந்து வந்தது என்று பொருள். குறி இல்லாமல் பிறமொழி வடிவங்கள் வரிசையாக இருந்தால் அவை இனச்சொற்கள் என்று மட்டுமே பொருள். இந்த ஒரு குறியைக் கவனிக்காமல் நூற்றுக்கணக்கான நல்ல தமிழ்ச் சொற்களைக் கடன் பட்டியலில் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு.

முதலில் காதால் எழுதுங்கள்

தமிழ் எழுத்து ஒரே ககரத்தை மூன்று ஒலிக்கு வைத்திருக்கிறது. கல், பங்கு, பகல் மூன்றிலும் ககரம் வேறு வேறு. இலக்கணத்துக்கு அது போதும், சொல்லின் வழியைத் தேடுகிறவருக்குப் போதாது. சொல்லின் முதலில் நிற்கும் வல்லெழுத்து, 'பங்கு' என்பதில் வரும் ககரம்போல, அதிர்ந்து ஒலிக்கிறதா என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பரம்பரைத் தமிழ்ச் சொல் இப்படி அதிரும் வல்லெழுத்தில் தொடங்குவதில்லை. தொடங்கினால் வெளியிலிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு.

'கெட்டி'யை எடுத்துக்கொள்வோம். கெட்டிச் சட்னி, கெட்டிக்காரர் என்று சொல்லும்போது முதல் எழுத்து 'பங்கு' என்பதில் வரும் ககரம்போல அதிர்கிறது. அதிர்ந்த ககரத்தை அடுத்து வரும் அகரத்தைத் தமிழ் நாக்கு எகரமாக்கிவிடும். கங்கை கெங்கை ஆகிறது, கஜம் கெஜம் ஆகிறது. ரகரத்துக்குப் பின்னும் இதே கதைதான்: ரத்தம் ரெத்தம். ஆகவே 'கெட்டி'யின் எகரத்துக்குப் பின்னால் ஓர் அகரம் ஒளிந்திருக்கலாம் என்று ஊகித்துத் தெலுங்கில் தேடினால் அதிரும் ககரத்தோடு 'கட்டி' நிற்கிறது, உறுதியான என்ற பொருளில். கன்னடத்திலும் அதுவே. இதற்கு நேரான பரம்பரைத் தமிழ் வடிவம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: வெல்லக்கட்டி, மண்கட்டி என்பதில் வரும் 'கட்டி'. ஒரே மூலத்திலிருந்து ஒன்று பிறப்பாலும் மற்றொன்று இரவலாகவும் வந்து, பொருளைப் பங்கிட்டுக்கொண்டு, இரண்டும் வாழ்கின்றன. இத்தகைய இரட்டைகள் கிடைத்தால் விடாதீர்கள். அவைதான் மிகத் தெளிவான சான்று.

ஒலி விதிகளைப் பொருத்துவது

விதிகள் பல உண்டு. நடைமுறையில் ஐந்தைக் கையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான சொற்களுக்குப் போதும்.

தமிழ் ப-வுக்குக் கன்னட ஹ என்பதை மேலே பார்த்தோம்.

இரண்டாவது, தமிழ் வ-வுக்குக் கன்னடத்தில் அதிரும் ப ('கம்பு' என்பதில் வரும் பகரம்). வா–பா, வேர்–பேரு, வில்–பில்லு, வெள்ளி–பெள்ளி, விரல்–பெரளு, வாழை–பாளெ.

மூன்றாவது சொல்லின் ஈறு. தமிழ் ஐகாரத்துக்கு மலையாளத்தில் அகரம், கன்னடத்தில் எகரம், தெலுங்கில் அகரம். தலை என்பது மலையாளத்திலும் தெலுங்கிலும் தல, கன்னடத்தில் தலெ.

நான்காவது ழகரம். ஏழு கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. கோழி கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. இந்தத் தெலுங்கு டகரம் சோழர் பெயரிலேயே பதிந்திருக்கிறது: ஆந்திரத்து அரச மரபுகள் வெலநாட்டிச் சோடர், நெல்லூர்ச் சோடர் என்றே வழங்குகின்றன. இப்போது 'ஆழ்வார்' என்ற சொல்லைப் பாருங்கள். தெலுங்கில் அது 'ஆள்வாரு'. டகரம் இல்லை, ளகரம் இருக்கிறது. பரம்பரைச் சொல்லாக இருந்தால் வந்திருக்க வேண்டிய ஒலி வரவில்லை. ஆக, வைணவம் தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போனபோது கூடவே போன சொல் அது. திருநாள், தளிகை, திருமஞ்சனம் முதலிய கோயில் சொற்களும் தெலுங்குக்கு அதே பாதையில் போனவை.

ஐந்தாவது விதி மிகவும் பயன்படக்கூடியது, அதனால் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இ, ஈ, எ, ஏ என்னும் உயிர்களுக்கு முன் பழைய ககரம் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றிலும் சகரமாயிற்று. கன்னடம் ககரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. செவி என்பது கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி, குடகில் கெவி, நீலகிரிக் கோத்தர் மொழியில் கெவ். பலுசிஸ்தானத்துப் பிராகுயி மொழியில்கூடக் காதைக் குறிக்கும் சொல் தொண்டையில் உரசிவரும் ககர ஒலியோடுதான் தொடங்குகிறது. ஆக, மூலம் ககரம், மாறியது நாம். சேரி–கேரி, சிறு–கிறு, செய்–கெய் எல்லாம் இதே வகை.

இந்த விதிக்குத் தமிழில் ஒரு தடை உண்டு. அந்த உயிருக்கு அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலி வந்தால் ககரம் மாறாமல் நின்றுவிடும். அதனால்தான் கிளி, கேள், கெடு, கீழ், கிணறு, கிழங்கு எல்லாம் ககரத்தோடே இருக்கின்றன. தெலுங்கில் இந்தத் தடை இல்லை. கெடு அங்கே 'செடு', கிளியின் இனச்சொல் 'சிலுக'.

விதியையும் தடையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 'கெம்பு' என்ற சொல்லைச் சோதியுங்கள். நகைக்கடையில் கெம்புக்கல் என்கிறோம், சிவப்புக் கல். எகரத்துக்கு அடுத்து மகரம். நாமடி ஒலி இல்லை. ஆகவே பரம்பரைத் தமிழ்ச் சொல்லாக இருந்தால் சகரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். உண்மையில் அப்படி ஒன்று இருக்கிறது: செம்மை, செம்மண், செவ்வானம் என்பவற்றில் வரும் செம்-. சிவப்பைக் குறிக்கும் கன்னடச் சொல் 'கெம்பு'. நம் கெம்பு அங்கிருந்து வந்தது. தெலுங்கிலும் 'கெம்பு' உண்டு. தெலுங்கும் சகரம் காட்ட வேண்டிய மொழி என்பதால், அதுவும் இரவல் வாங்கியதே.

எதிர்த்திசையிலும் இதே அளவுகோல் வேலை செய்யும். தண்ணீர் மொள்ளும் செம்பைக் கன்னடத்தில் செம்பு, சொம்பு என்கிறார்கள். அது செம்-அடியைச் சேர்ந்ததென்றால் கன்னடத்தில் ககரம் இருக்க வேண்டும். இல்லை. ஆகவே கிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ போன பாத்திரத்தோடு பெயரும் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

கீரை, கீரி, கெஞ்சு போன்றவை இந்த விதிக்கு அடங்காமல் நிற்கின்றன. ஒரு விதி மீறப்பட்டவுடன் 'கடன்' என்று எழுதிவிடாதீர்கள். மீறல் கேள்வியை எழுப்பும். பதில் வேறிடத்திலிருந்து வர வேண்டும். கெம்புக்கு அந்தப் பதில் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது: தமிழுக்குள் செம்- இருந்தது, கன்னடத்தில் கெம்பு இருந்தது.

விதி மூலத்தைச் சொல்லாது, காலத்தைச் சொல்லும்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கன்னடத்தில் ஹகரம் கண்டால் 'பழைய திராவிடச் சொல்' என்று எழுதிவிடுகிறார்கள். கன்னடத்தில் பணத்துக்கு 'ஹண' என்று பெயர். விதி அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பணம் வடமொழிச் சொல். பண்டிகையைக் குறிக்கும் 'ஹப்ப' வடமொழிப் 'பர்வ'த்திலிருந்து 'பப்ப' வழியாக வந்தது. பறவையைக் குறிக்கும் 'ஹக்கி', 'பட்சி'யிலிருந்து 'பக்கி' வழியாக வந்தது.

காரணம் எளிது. கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் தொடங்கியது ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டில். 14ஆம் நூற்றாண்டளவில் பேச்சில் பரவி முடிந்தது. அதற்கு முன் மொழிக்குள் வந்து குடியேறிவிட்ட சொல், பிறந்ததோ வந்ததோ, எல்லாம் சேர்ந்தே மாறும். பிறகு வந்தவையும், ஏட்டுமொழியின் காவலில் இருந்தவையும் மாறாது: புஸ்தக, பத்ர, பூஜெ. வகரத்துக்கும் இதே கதை. வடமொழி 'வீதி' கன்னடத்தில் அதிரும் பகரத்தோடு 'பீதி' ஆயிற்று; மிகப் பின்னால் வந்த 'வகீல' வகரத்தோடே நிற்கிறது. ஆகவே அட்டவணையில் 'விதி பொருந்துகிறது' என்று மட்டும் எழுதாமல், 'அந்த மாற்றத்துக்கு முன்பே மொழியில் இருந்தது' என்று எழுதுங்கள். சொல் பிறந்த இடத்தைத் தனியே தேட வேண்டும்.

தமிழுக்குள்ளும் இப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது. சொல் முதல் சகரம் பழங்காலத்தில் பல சொற்களில் உதிர்ந்தது. சிராவணம் நம்மிடம் ஆவணி ஆனதும், சிரவணம் ஓணம் ஆனதும் பிராகிருதம் வழியாக மிக முன்பே வந்ததால்தான். 'ஆயிர'மும் இப்படித்தான் என்பது ஒப்பியல் அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து: வடமொழி 'சகஸ்ர', கன்னடத்தில் பழைய 'சாசிர', இன்றைய 'சாவிர', தமிழில் சகரம் உதிர்ந்து 'ஆயிரம்'. தெலுங்கு மட்டும் 'வேயி' என்ற தன் சொல்லை வைத்திருக்கிறது. ஈராயிரம் ஆண்டு புழங்கிய சொல்லைக் கடன் என்று சொல்ல மனம் வராதுதான். ஆனால் சொல்லின் வழியைக் கேட்பது அதன் குடியுரிமையைக் கேட்பதாகாது. ஆயிரம் எந்த வழியில் வந்திருந்தாலும் முழுத் தமிழ்ச் சொல்.

வேர் தேடும் சோதனை

ஒலி விதிகள் எதுவும் பேசாத சொற்களுக்கு இந்தச் சோதனை கைகொடுக்கும். சொல்லை அதன் விகுதியிலிருந்து பிரியுங்கள். மிஞ்சும் அடி, அந்த மொழியில் அதே பொருளோடு வேறு சொற்களில் வாழ்கிறதா?

வாடிக்கை. '-இக்கை' போல ஓர் ஈறு தெரிகிறது, எடுத்தால் 'வாடு'. தமிழில் வாடுவது பூவும் பயிரும் முகமும். வழக்கம், பழக்கம் என்ற பொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தெலுங்கில் 'வாடு' என்றால் பயன்படுத்து. 'வாடுக' என்றால் வழக்கு. பேச்சு வழக்கு மொழியை 'வாடுக பாஷ' என்றே அங்கே சொல்கிறார்கள். சொல்லின் குடும்பம் முழுவதும் அந்த வீட்டில் இருக்கிறது, நம் வீட்டில் ஒருவர் மட்டும் தனியாக இருக்கிறார். அப்படியானால் விருந்தாளி யார் என்பதில் ஐயமில்லை. மதுரையில் நாயக்கர் ஆட்சி 1529 முதல் 1736 வரை நடந்தது. தெலுங்கு பேசும் படைவீரர், வணிகர், உழவர் குடும்பங்கள் தென்மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இரு மொழி பேசி வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். சொற்கள் இடம் மாற இதைவிட நல்ல பாலம் கிடையாது. வந்த சொல் இப்போது 'வாடிக்கையாளர்' என்று தமிழ் விகுதியும் சேர்த்துக்கொண்டு வங்கியில் வேலை செய்கிறது.

இந்தச் சோதனையில் தவறு நேர்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: அடியைக் கண்டுபிடிக்கும் ஆசையில் பொருளை வளைத்துவிடுவது. 'பயன்படுத்திப் பயன்படுத்தி வாடிப்போனதால் வாடிக்கை' என்று ஒரு விளக்கம் கட்டினால் எதையும் எதிலிருந்தும் வருவிக்கலாம். பொருளைக் காப்பாற்ற ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தால் அந்த வேரைக் கைவிடுங்கள்.

எங்கெங்கே வழங்குகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் 'பேசு' என்பதற்குப் 'பறை' என்பார்கள். மலையாளத்தில் 'பறயுக'. எல்லையோர ஊர், ஆகவே மலையாளக் கடன் என்று உடனே எழுதத் தோன்றும். எழுதும் முன் வரைபடத்தை விரியுங்கள். யாழ்ப்பாணத் தமிழிலும் பறைதல் என்றால் பேசுதல். பழந்தமிழிலும் பறைதலுக்குச் சொல்லுதல் என்ற பொருள் உண்டு. நடுவில் உள்ள பெருநிலம் மறந்துவிட்டது, இரண்டு ஓரங்களும் வைத்திருக்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம். குமரி மாவட்டத்தில் அண்டை மொழியின் பழக்கம் அந்தச் சொல் சாகாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பிறப்பு இங்கேயே.

பொதுவாக, ஒரு சொல் அடுத்தடுத்த இரண்டு மொழிகளில் மட்டும், அதுவும் எல்லைப் பகுதியில் மட்டும் இருந்தால் ஐயப்படுங்கள். கோண்டி, குடுக், பிராகுயி போன்ற தொலைவிலுள்ள திராவிட மொழிகளில் ஒன்றிலாவது இணை கிடைத்தால் பரம்பரைச் சொல் என்ற எண்ணம் வலுப்பெறும். அந்த மொழிகளும் நிறைய இழந்தவைதான். பிராகுயியில் ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் திராவிட எண்கள். நான்கிலிருந்து ஈரானிய மொழிச் சொற்கள். எனவே தொலைவில் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

நான்கு மொழிகளிலும் இருந்தாலும் நான்கும் வெளியே வாங்கியிருக்கலாம். வசூல், வக்கீல், தாசில்தார் தென்னாடு முழுவதும் உண்டு. எல்லாம் பாரசீக, அரபு வழியில் வந்த ஆட்சிச் சொற்கள். இந்தப் பொறியில் யாரும் விழுவதில்லை. வடமொழிச் சொற்களில்தான் விழுகிறார்கள்: இரண்டு மொழிகள் தனித்தனியே வடமொழியிலிருந்து எடுத்ததை, ஒன்றிடமிருந்து மற்றொன்று எடுத்ததாக எழுதிவிடுகிறார்கள்.

ஒலி வராமல் யோசனை மட்டும் வருவது

மிளகாய்ச் செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. போர்ச்சுகீசியர் 1498இல் கோழிக்கோட்டில் கரையிறங்கிய பிறகுதான் இந்த நாட்டுக்கு வந்தது. தமிழில் மிளகாய், அதாவது மிளகு போன்ற காய். கன்னடத்தில் மெணசினகாயி, மெணசு என்றால் மிளகு. தெலுங்கில் மிரபகாய, மிளகு அங்கே மிரியம். மூன்றிலும் மிளகும் காயும் சேர்ந்த அதே கட்டுமானம். பெயரின் உறுப்புகள் இனச்சொற்கள் என்பதால் ஒலி விதிகளும் ஓரளவு பொருந்தும். இவற்றை வைத்து, இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூலத் திராவிடத்தில் மிளகாய்க்கு ஒரு சொல் இருந்தது என்று காட்டிவிடலாம்போல் இருக்கும். செடியே இல்லாத காலத்தில் பெயர் இருந்திருக்க முடியாது. ஒரு மொழியார் வைத்த பெயரின் அமைப்பைப் பக்கத்து மொழியார் தம் சொற்களால் மறுபடி கட்டிக்கொண்டார்கள், அல்லது அவரவர் தனியே அதே உவமையை எட்டினார்கள். இதை மொழிபெயர்ப்புக் கடன் என்பார்கள். கூட்டுச்சொல் எதைச் சோதித்தாலும் அந்தப் பொருள் இந்த மண்ணுக்கு எப்போது வந்தது என்பதை முதலில் பாருங்கள்.

மலையாளம் தரும் சிக்கல்

தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே மேற்சொன்ன ஒலி விதிகள் பெரிதாக உதவா. இரண்டும் பிரிந்து அதிக காலமாகவில்லை. ழகரமும் பகரமும் வகரமும் சகரமும் இரண்டிலும் ஒன்றே. கையில் இருப்பவை சில சிறிய அடையாளங்கள்தான். ஈற்று ஐகாரம் அகரமாவது. மாங்காய் மாங்ங, தேங்காய் தேங்ங, மஞ்சள் மஞ்ஞள், கஞ்சி கஞ்ஞி என்று மெல்லொலி அடுத்த ஒலியை விழுங்கிவிடுவது. இதிலும் இஞ்சி இஞ்சியாகவே நிற்கிறது, பந்து பந்தாகவே நிற்கிறது. எனவே இதை மட்டும் நம்பிக் கடன் என்று தீர்ப்பெழுத முடியாது.

இங்கே பொருளைப் பின்தொடருங்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், தமிழில் பெருக்கு. ஒருவர் தமிழ்ப் பேச்சில் 'குடிக்க வெள்ளம்' என்றால் அந்தப் பொருள் அங்கிருந்து வந்தது, சொல் இரண்டு பக்கத்துக்கும் உரியதானாலும். இளைஞர் பேச்சில் வந்திருக்கும் 'அடிபொளி'யில் அடி தமிழுக்குத் தெரிந்ததுதான். கூட்டும், 'பிரமாதம்' என்ற பொருளும் மலையாளத்தின் உழைப்பு. இத்தகையவற்றுக்கு அட்டவணையில் 'சொல் பொது, பொருள் இரவல்' என்று ஒரு தனி வகை வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

தற்செயல் ஒற்றுமை. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 'ஒன்' என்பதால் நம் 'ஒன்று' அங்கே போனது என்று சொல்வார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. இன்றைய உச்சரிப்பு பின்னால் வந்தது. இன்றைய வடிவத்தை இன்றைய வடிவத்தோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு பக்கத்திலும் கிடைக்கும் மிகப் பழையதை ஒப்பிடுங்கள்.

தனித்தனியே நடந்த ஒரே மாற்றம். பேச்சுத் தமிழில் 'ரெண்டு', தெலுங்கிலும் 'ரெண்டு'. தெலுங்கில் முதல் உயிரும் அடுத்த மெய்யும் இடம் மாறுவது பழைய வழக்கம்: உரல்–ரோலு, உள்–லோ, அவன்–வாடு. நம் 'ரெண்டு' ரகரத்துக்கு முன்னிருந்த இகரம் பேச்சில் உதிர்ந்ததால் வந்தது. முடிவு ஒன்று, வந்த பாதை இரண்டு. இங்கே கடனே நிகழவில்லை.

ஒலிக்குறிப்புகளும் மழலைச் சொற்களும். காக்கா, அம்மா, அப்பா வகையை உறவுக்கும் கடனுக்கும் சான்றாகக் கொள்ள வேண்டாம். தொடர்பே இல்லாத மொழிகளிலும் இவை முளைக்கும்.

போய்த் திரும்பியவை. 'மீன்' வடமொழிக்குப் போய் 'மீன' ஆயிற்று என்பது பலரும் ஏற்றது. ராசிப் பெயராக 'மீனம்' என்று திரும்பி வந்தது. ஆக, மீனம் தமிழில் கடன்சொல், அதன் மூலம் திராவிடம். இரண்டும் ஒருசேர உண்மை. அட்டவணையில் இரண்டு வரியாக எழுதுங்கள், ஒன்றால் மற்றொன்றை அடிக்காதீர்கள்.

உறவில்லாத அண்டை மொழியைப் பற்றியும் ஒரு சொல். சிங்களம் இந்தோ–ஆரிய மொழி. அங்கே கடைக்குக் 'கடே', தக்காளிக்குத் 'தக்காலி', முருங்கைக்கு 'முருங்கா' என்றால் இனச்சொல்லா என்ற கேள்வியே எழாது. திசையை மட்டும் பார்த்தால் போதும். ஒலி விதிகளில் பயிற்சி இல்லாதவர் இப்படிப்பட்ட இணையிலிருந்து தொடங்குவது நல்லது. கடன்சொல் எப்படி உருமாறும் என்பதை, வேறெதுவும் குறுக்கிடாமல் பார்க்கலாம்.

முடிவை எழுதுவது

மூன்று தரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி, வேர், பரவல், வரலாறு ஆகிய நான்கில் மூன்று ஒரே பக்கம் காட்டினால் 'உறுதி'. கெம்பு இதில் சேரும்: ஒலி மீறுகிறது, நிறத்துக்கான அடி செம்- என்று வேறு வடிவில் இங்கே இருக்கிறது, கன்னடத்தில் அந்தச் சொல்தான் சிவப்புக்கே பெயர். இரண்டு காட்டி, மற்றவை பேசாமல் இருந்தால் 'பெரும்பாலும்'. ஒன்று மட்டும் காட்டினாலோ, ஒன்றுக்கொன்று எதிராக நின்றாலோ 'திறந்திருக்கிறது' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள். கீரைக்கும் கீரிக்கும் எதிரே இந்த மூன்றாம் தரத்தை எழுதக் கூசவேண்டாம். கேட்ட ஊரின் பெயரையும் உச்சரிப்பையும் அங்கே துல்லியமாகக் குறித்து வையுங்கள். பின்னால் ஒரு கல்வெட்டு வடிவமோ தொலைமொழி இணையோ கிடைக்கும்போது அந்தக் குறிப்பிலிருந்துதான் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.